ஆரோக்கியம் சொன்ன வழி

என் மேல் மூன்று பேர் படுத்திருந்தார்கள்.

தரையில் பாய். பாயின் மேல் நான். என் மேல் வீட்டில் இருந்த அத்தனை போர்வையும், போதாததற்கு வாசல் திரையும். அதற்கும் மேல் சுகிர்தம், கிரேஸ், ஆரோக்கியம். மூன்று பேரும் என்னோடு இண்டர்மீடியட் படித்தவர்கள். பார்ப்பவர்களுக்கு வைக்கோல்போர் சரிந்த மாதிரி இருந்திருக்கும்.

முதலில் கட்டிலில்தான் கிடத்தினார்கள். சுகிர்தம் ஏறிய அன்றே கட்டில் கால் முறிந்தது. "எம் பாரத்தால ஒண்ணும் இல்ல, கட்டில செல்லு அரிச்சிருக்கு" என்று கடைசி வரை சாதித்தாள். அன்றிலிருந்து எனக்குத் தரைதான்.

வெளியே பாலக்காட்டு வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கோ பல் கிட்டி, முழங்கால் ஒன்றோடொன்று மோதி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிர்காய்ச்சல் கண்டவர்களுக்குத் தெரியும், அந்தக் குளிர் வெளியிலிருந்து வருவதில்லை. எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டு உதறும். அதற்குக் கம்பளி போதாது, ஆள் வேண்டும்.

"ஏட்டி, மூச்சு முட்டுது" என்பேன்.

"முட்டட்டும். மூச்சு இருக்கப்போய்த்தான முட்டுது" என்பாள் சுகிர்தம், என் வயிற்றுக்குக் குறுக்கே கிடந்தபடி.

"பேடிக்காதே ஞானம், இப்பக் கழிஞ்சுடும்" என்பாள் கிரேஸ், முழங்கால் பக்கத்திலிருந்து.

ஆரோக்கியம் மட்டும் இப்படி ஒன்றும் சொல்ல மாட்டாள். இடது தோளோடு ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பை என் மேல் போட்டு, வாயை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மெதுவாக வழி சொல்ல ஆரம்பிப்பாள். அது என்ன வழி என்று பிறகு சொல்கிறேன்.

துணைக்கு வந்த காய்ச்சல்

நான் கல்லூரியில் சேர்ந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப உங்கள் அப்பாவுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அப்பா என்னைத் தனியாக அனுப்பவில்லை அம்மா. காய்ச்சலைத் துணைக்கு அனுப்பினார்.

கம்பம்மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக் கூலி ஜனங்களைக் கூட்டி வேதம் வாசிப்பார். மழை விட்டு ஏலச்செடிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் மலையில் காய்ச்சல் வராத வீடு கிடையாது. எங்களுக்கு அது உறவுக்காரர் மாதிரி. ஒருநாள் விட்டு ஒருநாள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். அதனால்தான் முறைக்காய்ச்சல் என்று பெயர். கொயினா மாத்திரை கொடுத்தால் கொஞ்ச காலம் பதுங்கும். காதுக்குள் மட்டும் வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும்.

முதல் வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அது என்னோடு ரயிலேறி வந்தது. மற்ற பெண்கள் ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார்கள்.

சபையா, விடுதியா?

கிரேஸ் பாலக்காட்டிலேயே ஒரு போதகரின் மகள். அவளுடைய அத்தை வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் இருந்தோம். அத்தைக்குக் காது மந்தம். பெண்பிள்ளைகளை வைத்துக்கொள்ள அதைவிட நல்ல தகுதி கிடையாது.

சுகிர்தம் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து கிளார்க்கின் மகள். ஆரோக்கியம் முதலமடை. வறண்ட பூமியில் கல்லக்காயும், அதாவது நிலக்கடலையும், சோளமும் போடுகிற குடியானவர் வீட்டுப் பெண். நான் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரும், அவள் பேசினால் எனக்கு. நான் "ஏட்டி" என்பேன், அவள் "ஏம்புள்ள" என்பாள். ஒரே வீட்டில் நாலு விதத் தமிழ் கொதித்தது.

கிரேஸுக்கு ஒரு யோசனை. சேர்ந்து தின்று தூங்கிப் பரீட்சைக்குப் படித்தால் அது விடுதி. சேர்ந்து இயேசுவின் சீஷராக வாழ்ந்தால் அது சபை. நாம் எது என்று கேட்டாள். பதினேழு பதினெட்டு வயசில் இப்படிக் கேட்டால் யார் விடுதி என்று சொல்வார்கள்? சபை என்றோம்.

உடனே விதிகள் வந்தன. யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. சூரியன் அஸ்தமிக்குமுன் சண்டையைத் தீர்த்துவிட வேண்டும். எதையும் யாரிடமும் மறைக்கக் கூடாது. சண்டையை அஸ்தமனத்துக்குப் பிறகு ஆரம்பித்தால் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தவணை உண்டு என்று கண்டுபிடித்தவள் சுகிர்தம்.

சிரிக்கிறேன், ஆனால் கேலி செய்யவில்லை. பிறகு எத்தனையோ ஆலயங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். சீஷத்துவம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாயும், என் மேல் கிடந்த பாரமும்தான் ஞாபகம் வரும்.

அடுப்படியில் இருந்தவள்

ஆரோக்கியம் ஆர்.சி. நாங்கள் மற்ற மூவரும் அவர்கள் பாஷையில் பதிதர், அதாவது வேதம் தப்பிப் போனவர்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அன்று அது பெரிய மதில். அவர்கள் கோயில் வாசலை நாங்கள் மிதிப்பதில்லை, எங்கள் ஜெபத்துக்கு அவர்கள் வருவது பாவம். எங்கள் வீடுகளிலும் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

மகள் படிக்க வேண்டும் என்பது அவள் அப்பாவின் ஆசை. அவர் காலமான பிறகு அம்மா அதைத் தட்டவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் கல்லூரிப் பெண்ணுக்குத் தங்க வேறு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் ஊர்ப் பங்குச் சாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டு அனுமதித்தார். பதிதர் ஜெபத்தில் பெண் கலந்துகொள்ளக் கூடாது. அம்மா சத்தியம் செய்து கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். சத்தியம் தவறினால் படிப்பு நிற்கும். இது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

அதனால் விளக்கு வைத்ததும் நாங்கள் கூடத்தில் பாட ஆரம்பித்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பாட்டு முடிகிற வரை பாத்திரச் சத்தம் கேட்காது. ராகம் கெடக் கூடாதென்று கையில் கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. என் மேல் படுத்துக்கொண்டு கிரேஸ் வாய்விட்டு ஜெபித்தால், கூடப் படுத்திருக்கிற ஆரோக்கியமும் ஜெபத்தில் கலந்த மாதிரி ஆகிவிடும். எழுந்து போகலாமென்றால் எனக்குக் குளிரும். கடைசியில் கிரேஸ் மனசுக்குள் ஜெபிப்பதென்று ஏற்பாடு. ஆரோக்கியம் என்ன செய்வாள்? என் காதில் ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும், அது ஜெபமாகவும் இருக்கக் கூடாது.

அவள் தன் வீட்டுக்கு வழி சொன்னாள்.

"டேசன்ல எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு" என்று நான் சொல்ல வேண்டும். பல் கிட்டினாலும் சொல்லியாக வேண்டும்.

"எதுக்கால புளியமரம். அதுக்கடியில கொல்லன் பட்டறை. தட்டற சத்தம் கேக்குதா?"

"கேக்கு."

"அதெத் தாண்டினா இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. முள்ளு இருக்குது, சீலையெப் புடிச்சுக்க. பள்ளத்துல தண்ணி ஓடுது. எறங்கி நட. மலையப் பாரு, அருவி வெள்ளையாத் தெரியுதல்லொ? அக்கட்ட ஏறினா சிலுவை நட்ட குருசடி. நானு கும்புட்டுக்கறேன். நீ கும்புடாட்டிப் போ, செத்த நில்லு. அப்பறம் எங்க மாமரம். நாய் கொலைக்கும். 'மணி, சும்மா இரு'ன்னாச் சும்மா இருக்கும். ஊட்டு வாசல்ல எங்கம்மா கல்லக்கா உரிச்சிட்டு இருக்குது. 'வந்துட்டயா கண்ணு'ங்குது. வந்துட்டோம். இனிக் குளுராது."

உண்மையிலேயே அந்த இடத்துக்கு வரும்போது நடுக்கம் அடங்கத் தொடங்கியிருக்கும். அடங்காவிட்டால் மறுபடி ஸ்டேஷனிலிருந்து ஆரம்பிப்பாள். நான் போயே இராத ஓர் ஊருக்கு எத்தனை தடவை நடந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

முறை தப்பிய நாள்

இரண்டாம் வருஷம், பரீட்சை நெருங்கிவிட்டது. மத்தியானம் வர வேண்டிய காய்ச்சல் அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தது. கூடத்தில் கிரேஸும் சுகிர்தமும் ஜெபத்தில் இருந்தார்கள். ஆரோக்கியம் அடுப்படியை விட்டு ஓடிவந்து என் மேல் விழுந்தாள். அவள் ஒருத்தியின் பாரம் போதவில்லை. அவளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது என் உடம்பு.

"கிரேஸு! ஓடியா புள்ள!" என்று கத்தினாள்.

வந்தார்கள். வழக்கம்போல் விழுந்தார்கள். ஆனால் கிரேஸ் பாதி ஜெபத்தில் எழுந்து வந்தவள். நான் போய்விடுவேன் என்று பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். விட்ட இடத்திலிருந்து வாய்விட்டே தொடர்ந்தாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சுகிர்தமும் சேர்ந்து சொன்னாள். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஆரோக்கியமும் சொல்வது கேட்டது, அவர்கள் சபை வார்த்தைகளில். எங்களுடைய சொற்களும் அவளுடைய சொற்களும் அங்கங்கே வேறு வேறு. முட்டி மோதிக்கொண்டு போய் ஆமென் என்ற சொல்லில் ஒன்றாக நின்றன.

குளிர் விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

அந்த ஞாயிறு அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா. ஆரோக்கியம் புறப்படும்போது, "அம்மாகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

எதையும் மறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அம்மாவிடம் மறைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? மூன்று பேரும் யோசித்து, சொல்லிவிடு என்றோம். உலகத்தில் வேறு எந்த ஹாஸ்டல் பெண்களும் இப்படி ஒரு புத்தி சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் சபையல்லவா!

கால் மாட்டில்

அவள் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த காய்ச்சல் நாளன்று அவள் அம்மாவும் வந்தார்.

நல்ல வெயில் நேரம். நாங்கள் வைக்கோல்போராகக் கிடக்கிறோம். வாசலில் குரல் கேட்கிறது. "ஏனுங்க, எம்புள்ள ஆரோக்கியம் இருக்குதுங்களா?"

அத்தைக்கு அன்றைக்கென்று காது கேட்டது. "எல்லாரும் ஞானத்து மேல இருக்கா. உள்ள போய்ப் பாருங்கோ."

நிலைப்படியில் அந்த அம்மாள் வந்து நின்றார். ஒல்லியான தேகம், தோளில் கறுப்புக் கம்பளி, மணிக்கட்டில் சுற்றிய செபமாலை. ஆரோக்கியம் பதறி எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காதே. குளுரு உள்ள போயிரும்" என்றார்.

ஒரு கணம் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "ஏன் அம்மிணிகளா, மேலெல்லாம் மூடிப்போட்டுக் காலெ விட்டுப்போட்டீங்களே? குளுரு கால் வழியாத்தானுங்க ஏறும்" என்றபடி என் கால் மாட்டில் உட்கார்ந்தார். என் பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பளியால் சுற்றித் தேய்த்தார். செபமாலை மணிகள் உள்ளங்காலில் அழுந்தின. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமும் என் கால் குளிர்ந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளிர் நின்று, வியர்த்து, நான் கண்ணைத் திறக்கிற வரைக்கும் அவர் காலை விடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் மகளைப் பார்த்து, "பொட்டியக் கட்டு கண்ணு" என்றார்.

கிரேஸ் கெஞ்சினாள். "அம்மா, பரீட்சைக்கு இனிக் கொஞ்ச நாள்தானே இருக்கு. இனிமே அவ பக்கத்துல ஜெபிக்கவே மாட்டோம்."

"அம்மிணி, நீங்க கெட்ட புள்ளைங்களா இருந்தா நானு பயப்பட மாட்டனுங்க. நல்ல புள்ளைங்க. அதுதான் பயமா இருக்குது. அவங்கப்பன் எங்கையில உட்டுட்டுப் போன வேதம் இது. எம்புள்ள உங்க பக்கம் சாஞ்சிருமுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். அவர் அழுதுகொண்டே சொன்னார்.

கம்பளியை மடித்து என் தலைமாட்டில் வைத்தார். "எம்புள்ளைக்குப் பதிலா இது இருக்கட்டும்." ஆரோக்கியம் அழவில்லை. குனிந்து, வழக்கமான இடத்தில், என் காதில் கேட்டாள்: "டேசன்ல எறங்கினா உனக்கு வழி தெரியுமல்ல?"

"தெரியும்."

கம்பளி

நல்ல கம்பளிதான். அடுத்த முறைக்கு அதைப் போர்த்தி, மேலே இருவரும் படுத்தார்கள். இடது பக்கத்தில் மட்டும் யாரும் படுக்கவில்லை. படுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவும் இல்லை. அந்த இடைவெளி வழியாகக் குளிர் வந்தது.

"கிரேஸ், வழி சொல்லுட்டி" என்றேன். அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அது என் காதுக்கு மட்டும் சொல்லப்பட்டது. ஆகவே நானே சொன்னேன், உதறிக்கொண்டே, ஆரோக்கியத்தின் தமிழில். இரண்டு மூன்று காய்ச்சலில் அவர்களுக்கும் பாடமாகிவிட்டது. பிறகு காய்ச்சல் இல்லாத நாளிலும் மாலை ஜெபம் முடிந்ததும் மூவரும் வழி சொன்னோம். புளியமரம், இட்டேரி, பள்ளம். போதகர் மகளான கிரேஸ் குருசடியில் செத்த நிற்பாள். "வந்துட்டோம்" என்றதும் ஆமென்.

பரீட்சைக்கு மூன்று பேர் போனோம்.

நான் ஊருக்குப் போகிற ரயில் முதலமடை வழியாகத்தான் போகும். ஜன்னல் வழியாகப் புளியமரம் தெரிந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. வண்டி நகர்ந்தது. அந்தப் புளியமரம் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சிநேகிதிக்காக அவ்வளவு அழலாமா என்று அப்பா கேட்டார். அழலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

முதலமடையில் இறங்கினேன்

சில வருஷம் கழித்து, நான் டீச்சராகிவிட்ட பிறகு, ஒரு கோடை லீவில் பாலக்காட்டுக்குக் கிரேஸைப் பார்க்கப் புறப்பட்டேன். பெட்டிக்குள் கம்பளியையும் வைத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். முதலமடையில் இறங்கிவிட்டேன்.

யாரிடமும் வழி கேட்கவில்லை. புளியமரம் இருந்தது. பட்டறை இருந்தது, தட்டுகிற சத்தம் இல்லை. இட்டேரியில் கிளுவை முள் சேலையைப் பிடித்தது. பள்ளத்தில் தண்ணீர் வற்றி மணல் சுட்டது. மலையில் அருவியையும் காணோம். அவள் மழைக்காலத்து வழியைச் சொல்லியிருக்கிறாள், நான் வந்தது கோடையில். குருசடியில் நின்றேன். மாமரத்தடியில் ஒரு கிழட்டு நாய் தலையைத் தூக்கியது. "மணி, சும்மா இரு" என்றேன். சும்மா இருந்தது.

வாசலில் அந்த அம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்து, "ஆருங்க?" என்றார்.

"வந்துட்டயா கண்ணு" என்று கேட்பார் என்று என்னை அறியாமல் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த "ஆருங்க" என்னைச் சுட்டது.

"நான் ஞானம். பாலக்காட்டுல..."

"காய்ச்சக்காரப் புள்ளையா?" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆரோக்கியம் இல்லை. வந்த மறுவருஷமே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாளாம். வடக்கே எங்கோ தூரதேசம். "சீக்காளிகளெப் பாக்கற மடமுங்க. பேரும் மாத்திப்போட்டாங்க. இனி ஊட்டுக்கு வரக் கூடாதாமா." முறத்திலிருந்து ஒரு கல்லக்காயை எடுத்து உடைத்தார். "உங்ககிட்ட இருந்து இழுத்துட்டு வந்தேன், கையில வெச்சுக்கலாமுன்னு. சாமி வாங்கிட்டாரு. அவருகிட்ட நானு என்னத்தெச் சண்டை போடறது?"

நான் கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "இத்தன தூரம் ஆரு அம்மிணி வழி சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆரோக்கியம் சொன்னா."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் சொன்னேன், அவளுடைய தமிழில், அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. புளியமரம், பட்டறை, இட்டேரி, பள்ளம், அருவி. குருசடி வந்தபோது சிலுவை போட்டுக்கொண்டார். நாய் வந்ததும் சிரித்தார். "ஊட்டு வாசல்ல எங்கம்மா கல்லக்கா உரிச்சிட்டு இருக்குது. 'வந்துட்டயா கண்ணு'ங்குது. வந்துட்டோம். இனிக் குளுராது" என்று முடித்தேன்.

அந்த அம்மாளின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"அப்புடியா சொல்லுச்சு எம்புள்ள?"

"ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சொல்லுவாம்மா. இங்க வந்துதான் முடிப்பா."

கம்பளியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என் இடது பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்தார்.

"மறுக்காச் சொல்லு அம்மிணி. மொதல்ல இருந்து."

"டேசன்ல எறங்கியாச்சா?" என்றேன்.

"எறங்கியாச்சு கண்ணு" என்றார்.